திருப்பிச் சொல்லும் பாடம்

மேடவாக்கம் வீட்டின் கட்டில் மேல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, டப்ளினுக்கு எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று குழம்பிக்கொண்டிருந்த பூங்கோதையை நாம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். மகள் இனியா, "அங்க மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியுமாம்மா?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் நவநீதனுக்குத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து நல்ல சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாமியார் தனபாக்கியத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடே சந்தோஷமாக இருப்பதாகப் பூங்கோதை நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பெண் வீட்டார் கை நனைக்க வருகிறார்கள். இதுவரை வந்துபோன இரண்டு முறையும் அவர்கள் தண்ணீர் மட்டும்தான் குடித்தார்கள். இன்று இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி.

காலையிலேயே தனபாக்கியம் ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"கோதை, சாயங்காலம் சீக்கிரம் வந்துரும்மா. மூத்த மருமக இல்லாம எப்படி?"

"வந்துடறேன் அத்தை. மத்தியானம் ஒரு மீட்டிங்தான். அது முடிஞ்சதும் கிளம்பிடுவேன்."

ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்த கணவன் திருமுருகன் தலையை நிமிர்த்தவில்லை. வேளச்சேரியில் ஒரு டைல்ஸ் கடையில் அவன் மேனேஜர்.

"இன்னிக்குத்தான் அந்தக் கடைசி மீட்டிங்கா?"

"ஆமாங்க. நவநீ ஒப்பிக்கணும், நான் பக்கத்துல உக்காந்திருக்கணும். அவ்ளோதான்."

"நல்லபடியா முடிச்சுக் குடுத்துரு" என்றான் திருமுருகன்.

எவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார் என்று பூங்கோதைக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

சோழிங்கநல்லூர் கம்பெனியில் அவள் கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தவள். அயர்லாந்தில், டப்ளினில் இருக்கும் ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் க்ளெய்ம் வேலை முழுவதும் ஓடுகிற மென்பொருளை இங்கிருந்து பார்த்துக்கொள்ளும் குழுவில் அவள்தான் மூத்தவள். அதன் சந்து பொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கிளையன்ட் ஊருக்கே போய் வேலை பார்க்கும் ஆன்சைட் வாய்ப்பு இதற்கு முன் இரண்டு தடவை வந்து கை நழுவியது. முதல் தடவை இனியா வயிற்றில் இருந்தாள். அடுத்த தடவை ஊரடங்கு வந்து விமானமே ஓடவில்லை. இது மூன்றாவது. இதையும் விட்டால் அவள் வயதுக்கும் சம்பளத்துக்கும் இனி யாரும் கூப்பிடப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், அவள் வீட்டுக்கும் தெரியும்.

டெலிவரி மேனேஜர் செல்வின் அவளைக் கூப்பிட்டு, "ஒரு சீட் வந்திருக்கு. உங்க வேலையை இங்க ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்தாத்தான் உங்களை நகர்த்த முடியும்" என்றபோது, அவளே வாயைக் கொடுத்து நவநீதன் பெயரைச் சொன்னாள். அவனை இந்தக் கம்பெனியில் சிபாரிசு செய்து சேர்த்ததும் அவள்தான். இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் சமையலறையில் நின்றபடி கேள்வி கேட்டுக் கேட்டுத் தயார் செய்ததும் அவள்தான். சொந்தக் கொழுந்தன், நன்றாக வரட்டும் என்று எதையும் ஒளிக்காமல் கொட்டிக் கொடுத்தாள். எங்கே இடறும், இடறினால் யாரைப் பிடிக்க வேண்டும், அயர்லாந்துக்காரர்களில் யார் சுள்ளென்று விழுவார்கள் என்பதுவரை சொல்லிக் கொடுத்தாள்.

மத்தியானம் கேன்டீனில் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள் ரெஜினா. பல வருஷமாகப் பக்கத்து இருக்கை. வாய் கொஞ்சம் நீளம்.

"எங்க அண்ணன் பொண்ணு போன் பண்ணா. ஐ.டி. கம்பெனில ஆஃபர் வந்திருக்காம். சேரலாமா வேணாமா, நல்லது கெட்டது சொல்லு அத்தைன்னா."

"என்ன சொன்ன?"

"நல்லது நிறைய இருக்குடி கண்ணுன்னேன். மாசம் பொறந்தா டாண்ணு சம்பளம். உங்க தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப கம்பெனி இன்ஷூரன்ஸ்லதான் ஆப்பரேஷன். வாசல்ல பஸ். எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு யாரும் கேக்கமாட்டான். இங்கிலீஷே வராத பொண்ணு ஒரு வருஷத்துல வெள்ளைக்காரன்கிட்ட சண்டை போடும்."

"கெட்டது?"

"உன்னை ஆளுன்னு சொல்லமாட்டான், ரிசோர்ஸுன்னுவான். நீ உசுரைக் குடுத்து வேலை செஞ்சாலும், பத்து பேர்ல ஒருத்தருக்குக் கம்மி ரேட்டிங் குடுத்தே ஆகணும்னு வந்தா, போன வருஷம் பிரசவ லீவு எடுத்தவளைத் தேடுவான். அப்புறம் உன் வேலையை உன் கையாலயே இன்னொருத்தனுக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லுவான். நீயும் சிரிச்சுக்கிட்டே சொல்லிக் குடுப்ப."

"என்னைத்தானே குத்தற?"

"உன்னை ஏன் குத்தறேன்? நீதான் ஏரோப்ளேன் ஏறப்போற" என்றாள் ரெஜினா. "போய்ச் சேந்ததும் ஒரு ஸ்வெட்டர் அனுப்பு."

பூங்கோதை சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

அயர்லாந்தில் அப்போதுதான் காலை. திரையில் ஓர்லா வந்தாள். க்ளெய்ம் பிரிவின் தலைவி, நரைத்த முடி, கறாரான பெண். ஆனால் பூங்கோதையிடம் மட்டும் பிரியமாக இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவாள். மீட்டிங் அறையில் பூங்கோதையும் நவநீதனும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். செல்வின் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவள் யோசிக்கவுமில்லை.

கேட்டி என்றால் ஆபீஸ் பாஷையில் வேலையைச் சொல்லிக் கொடுத்துக் கைமாற்றுவது. ரிவர்ஸ் கேட்டி என்பது கிட்டத்தட்ட வாய்மொழித் தேர்வு. கற்றுக்கொண்டவன் கிளையன்ட் முன்னால் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிக் கொடுத்தவர் வாயே திறக்கக் கூடாது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி அவரிடம் கேட்பார்கள். அவர் சரி என்றால் வேலை கைமாறும்.

நவநீதன் வெளுத்து வாங்கினான். ஓர்லா குறுக்குக் கேள்வி கேட்டாள், தயங்காமல் பதில் சொன்னான். அவன் உதாரணம் சொன்ன விதம்கூடப் பூங்கோதையின் விதம். ஓரிடத்தில் அவள் வழக்கமாகச் சொல்லும் சின்ன நகைச்சுவையையும் அப்படியே எடுத்துவிட்டான். ஓர்லா சிரித்தாள். பூங்கோதைக்குப் பெருமை தாங்கவில்லை.

"அருமை" என்றாள் ஓர்லா. "நவநீதன், இனிமே எனக்குக் கவலை இல்ல. அடுத்த மாசம் இங்க வரும்போது நல்ல கோட் எடுத்துக்கிட்டு வாங்க, குளிர் வாட்டும். பூங்கோதை, நீங்க வர முடியாமப் போனதுலதான் எனக்கு வருத்தம். வீட்டுச் சூழ்நிலைன்னு சொன்னாங்க. குழந்தையை விட்டுட்டு வர்றது கஷ்டம்தான், எனக்குப் புரியுது."

பூங்கோதைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கணம் தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தாள். ஓர்லாவின் உச்சரிப்பு அவளுக்கு என்றைக்குப் புரியாமல் இருந்தது?

நவநீதன் பக்கம் திரும்பினாள். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்துபோயிருந்தது.

"கடைசியா உங்க வாயால ஒரு தடவை கேட்டுக்கறேன்" என்றாள் ஓர்லா. "இவர் தனியாச் சமாளிப்பாரா?"

நவநீதன் சட்டென்று மைக்கை அணைத்தான்.

"அண்ணி, வீட்ல பேசிக்கலாம் அண்ணி. ப்ளீஸ். இப்ப ஆமான்னு மட்டும் சொல்லிடுங்க. ரெக்கார்ட் ஆகிட்டிருக்கு."

"எப்பலேர்ந்துடா?"

"அண்ணி, அவங்க பாத்துக்கிட்டிருக்காங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் நின்றுபோகும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் இப்போது திருப்பிச் சொன்னது அவ்வளவும் அவள் சொல்லிக் கொடுத்தது. அதைத் தப்பு என்று சொல்ல அவளால் முடியவில்லை. மைக்கை அவளே திறந்தாள்.

"சமாளிப்பார் ஓர்லா. தனியாவே சமாளிப்பார். என் உதவிகூடத் தேவைப்படாது."

செல்வின் தன் இருக்கையில்தான் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நான் வர முடியாதுன்னு ஓர்லாகிட்ட சொன்னது யாரு செல்வின்?"

"நான்தான். ஏன், நவநீதன் வந்து சொன்னாரே. வீட்ல எல்லாரும் உக்காந்து பேசி முடிச்சாச்சு, பாப்பா சின்னக் குழந்தை, அண்ணி போகலை, அவங்களுக்குச் சொல்லச் சங்கடமா இருக்கு, அதனால நான் சொல்றேன்னார். ஒரே குடும்பம். நான் எப்படிச் சந்தேகப்படறது?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

செல்வின் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "கேட்டிருக்கணும். ஆனா எனக்கும் இது தோதாத்தான் இருந்துச்சு, மறைக்க விரும்பல. அவர் அங்க உக்காந்து மீட்டிங் பாத்துக்கட்டும், நீங்க இங்க இருந்தா வேலை ஓடும். பெர்மிட்டுக்கு அவர் பேர் போயாச்சு. இனி மாத்த முடியாது."

வீட்ல எல்லாரும். அந்த இரண்டு வார்த்தை அவள் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இல்லை, நவநீ தானாகப் புளுகியிருப்பான். கல்யாண ஆசை, அவசரப் புத்தி. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாரே. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்த் திருமுருகனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, டப்ளினுக்கு நவநீ போறானாமே."

எதிர்முனையில் யாரோ டைல்ஸ் பெட்டியை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்கு யார் சொன்னா?" என்றான் திருமுருகன்.

தெரியாதவன், என்ன உளர்ற என்று கேட்டிருப்பான்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"கோதை, நான் சொல்றதைக் கேளு. பொண்ணு வீட்ல மாப்பிள்ளை வெளிநாடு போறாருன்னாத்தான் மேல பேசுவோம்னுட்டாங்க. அம்மாதான் தரகர்கிட்ட ஆமான்னு சொல்லிட்டாங்க. சொன்ன பிறகு என்ன பண்றது? நீ போனா இனியாவைக் கூட்டிட்டுப் போவே. நான் கடையை விட்டுட்டு அங்க வந்து என்ன பண்ணுவேன், பாத்திரம் கழுவுவேனா? அவன் போனா என்ன, நீ போனா என்ன? ஒரே வீடுதானே."

"தினம் அவன்கூட உக்காந்து சொல்லிக் குடுத்தேனே. நீங்க காபி போட்டுக் கொண்டுவந்து ரெண்டு பேருக்கும் குடுத்தீங்களே."

"சாயங்காலம் பேசிக்கலாம். முதல்ல அவங்க வந்து நல்லபடியாச் சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

அவள் அழுதாள். அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கம்பெனி செய்தது வியாபாரம். அது என்றைக்கும் தன்னை மகள் என்று சொல்லிக்கொண்டதில்லை. கூடவே இருந்து குழி பறித்தது வீடு. மூத்த மருமகள் என்று வாய் நிறையக் கூப்பிடுகிற வீடு. அந்தக் காபிதான் அவளுக்கு ஆறவேயில்லை. பச்சைத் துரோகத்தைச் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறானே மனுஷன்.

முகம் கழுவிக்கொண்டு மறுபடி செல்வினிடம் போனாள். இந்த முறை உட்காரவில்லை.

"என்னை இந்த ப்ராஜெக்ட்லேர்ந்து ரிலீஸ் பண்ணிடுங்க."

"விளையாடாதீங்க பூங்கோதை."

"நவநீதன் தனியாச் சமாளிப்பார்னு சொல்லிட்டேன். ஓர்லா கேட்டுக்கிட்டாங்க, ரெக்கார்டும் ஆயிருக்கு. கேட்டி முடிஞ்சுதுன்னா சொல்லிக் குடுத்தவங்க கேக்கறப்ப விடணும். இது உங்க ரூல்தான்."

"வேலை இல்லாம பெஞ்ச்ல உக்காரணும், தெரியும்ல? வெளில நிலைமை சரியில்ல. வேற ப்ராஜெக்ட் கிடைக்கலைன்னா எச்.ஆர். கூப்பிட்டு விட்டுருவாங்க. அப்ப நானும் ஒண்ணும் பண்ண முடியாது. கோபத்துல முடிவெடுக்காதீங்க."

"கோபம்தான். இருந்தாலும் எழுதிக்கோங்க."

செல்வின் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வீட்டுக் கடன் அவள் சம்பளத்தில்தான் கழிகிறது. இனியாவின் பள்ளியும் அப்படித்தான். வேலை போனால்? நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் திரும்பிப் போய் அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. நவநீதன் அவளுக்கு முன்பே வந்து வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். அவளைக் கண்டதும் சட்டென்று தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். திருமுருகன் அவள் முகத்தைப் பார்த்து, கண்ணாலேயே கெஞ்சினான்.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் அக்காவும் வந்திருந்தார்கள். அக்கா சிந்துஜா பெங்களூரில் இதே மாதிரி ஒரு கம்பெனியில் இருப்பவள் என்று தரகர் சொல்லியிருந்தார். தனபாக்கியம் தட்டுகளில் கேசரியும் பஜ்ஜியும் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா கோதை. இவதாங்க எங்க மூத்த மருமக. வீட்டுக்கு லட்சுமி."

பூங்கோதை கும்பிட்டாள். சுவரோரமாக நின்றாள்.

பெண்ணின் அப்பா நிதானமான மனிதர். கேசரித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டார். "தம்பி அங்க புது ஊர்ல தனியாப் போய் இறங்குதே, வேலையெல்லாம் பளுவா இருக்குமோ?"

"அந்தக் கவலையே வேணாங்க" என்று தனபாக்கியம் முந்திக்கொண்டாள். "எங்க கோதை இங்க இருக்காளே. அண்ணியும் கொழுந்தனும் ஒரே ஆபீசு. அவன் அங்க பேருக்கு உக்காந்திருந்தாப் போதும், இவ இங்கேருந்தே எல்லாத்தையும் பாத்துக் குடுத்துருவா. ராவும் பகலும் வேலை பாப்பா எங்க மருமக."

ஆக, இதையும் பேசி முடித்துவிட்டார்கள். இடத்தையும் பிடுங்கிக்கொண்டு, அங்கே அவன் வாங்கப்போகிற பெயருக்கு இங்கே உழைக்கவும் இவளையே வைத்திருக்கிறார்கள்.

"இல்ல அத்தை" என்றாள் பூங்கோதை. குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. "நான் இன்னிக்கு அந்த வேலையிலேர்ந்து விலகிட்டேன்."

"என்ன?" என்றான் திருமுருகன்.

"ரிலீஸ் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து நான் அந்த ப்ராஜெக்ட்ல இல்ல."

நவநீதன் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் வேட்டியில் கொட்டியது. "அண்ணி, மாசக் கடைசி வேலை வருது. அதை நான் எப்படி அண்ணி தனியா?"

"தனியாச் சமாளிப்பீங்கன்னு நான்தான் சொல்லிட்டேனே. நீங்க சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன்."

அவனை அவள் முதல்தடவையாக நீங்க என்று கூப்பிட்டாள். அது அவனுக்குத் தைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

அதுவரை சும்மா இருந்த சிந்துஜா தட்டைக் கீழே வைத்தாள். இந்த உலகத்தின் நெளிவு சுளிவு அவளுக்கும் தெரியும். சீனியர் இங்கே இருக்க, சொல்லிக் கொடுக்கப்பட்டவன் எப்படி விமானம் ஏறுகிறான் என்ற கணக்கு அவளுக்கு உதைத்திருக்க வேண்டும்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்த சீட் முதல்ல யாருக்கு வந்துச்சு?"

"அதெல்லாம் ஆபீஸ் விஷயம்மா" என்றாள் தனபாக்கியம். "சாப்பிடுங்க, ஆறிடப்போகுது."

"எனக்குத்தான் வந்துச்சு" என்றாள் பூங்கோதை. "நான் போகமாட்டேன்னு இவங்க எல்லாரும் சேந்து சொல்லியிருக்காங்க. எனக்கு இன்னிக்கு மத்தியானம்தான் தெரியும்."

பெண்ணின் அப்பா கேசரியில் வைக்கப்போன விரலை எடுத்துக்கொண்டார். தட்டை அப்படியே டீப்பாய் மேல் வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. தனபாக்கியம் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள்.

திருமுருகன் எழுந்து அவள் அருகே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கோதை, கொஞ்சம் உள்ள வா. பேசணும்."

பூங்கோதை காலியாக இருந்த நாற்காலியை இழுத்து, எல்லாரும் பார்க்க நடுக்கூடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளா உள்ள பேசினதெல்லாம் போதுங்க. இங்கயே பேசுங்க."